உள்ளே பிறந்து உள்ளேயே மடியும் ஒளி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் வேலையைப் பத்திப் பேசு, ஆனா புரியற மாதிரி பேசு" என்று இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது சுலபம். இரண்டாவதற்கு முயற்சி செய்கிறேன். புரியாவிட்டால் கை தூக்குங்க, நிறுத்திச் சொல்கிறேன். மதிய சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

நான் வேலை பார்ப்பது ஒளி உமிழும் திரைகளில். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஃபோனில் பாதிப் பேருக்கு ஓ.எல்.ஈ.டி. திரைதான் இருக்கும். அதாவது கரிமச் சேர்மங்களால் ஆன ஒளி உமிழ் டையோடு. பழைய எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரு விளக்கு எரியும், முன்னால் இருக்கும் படிகங்கள் கதவு மாதிரி திறந்து மூடும். ஓ.எல்.ஈ.டி.யில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. கருப்பு என்றால் நிஜமான கருப்பு.

அந்தப் புள்ளி எப்படி எரிகிறது? ஒரு பக்கம் உலோகம், இன்னொரு பக்கம் ஒளி புகும் மின்முனை, நடுவில் கரிமப் படலங்கள். அந்தப் படலங்கள் எல்லாம் சேர்ந்தே சில நூறு நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான் வருகிறது, மறுபக்கமிருந்து துளை வருகிறது. நடுவில் சந்திக்கின்றன, ஒளி பிறக்கிறது. 1963-லேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் 400 வோல்ட் வேண்டியிருந்தது! 1987-ல் கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் இரண்டு மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, 10 வோல்ட்டுக்கும் கீழே பளிச்சென்று எரிய வைத்தார்கள். இந்தத் துறை பிறந்தது அன்றைக்குத்தான். அதன் திறன் எவ்வளவு தெரியுமா? 100 எலக்ட்ரான் உள்ளே போனால் 1 ஃபோட்டான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு வேதியியல்காரர்கள் செய்த வேலையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். (வேதியியல் துறையிலிருந்து கைதட்டல். பரவாயில்லை, தட்டுங்கள்.) எலக்ட்ரானும் துளையும் சேரும்போது நான்கில் ஒன்றுதான் ஒளியாக வெளிப்படும், மற்ற மூன்றும் வெப்பமாக வீணாகும் என்பது குவாண்டம் கணக்கு. சுழற்சி விதி அப்படி. 1998-ல் அமெரிக்காவில் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் ஒரு கரிம மூலக்கூறின் நடுவே பிளாட்டினம் என்ற கனமான அணுவை வைத்தால் அந்த வீணாகும் மூன்றும் ஒளியாகும் என்று காட்டினார்கள். பிறகு இரிடியம் வந்தது. சில ஆண்டுகளிலேயே பச்சையிலும் சிவப்பிலும், உள்ளே போன ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஏறக்குறைய ஒரு ஃபோட்டான் பிறக்கும் நிலை வந்துவிட்டது. நூற்றுக்கு நூறு! நீலம் மட்டும் இன்றுவரை தகராறு பண்ணுகிறது. நீலத்தில் திறனைக் கூட்டினால் ஆயுள் குறைகிறது, ஆயுளைக் கூட்டினால் திறன் குறைகிறது.

நூற்றுக்கு நூறு பிறக்கிறது, சரி. வெளியே எவ்வளவு வருகிறது?

ஏறக்குறைய இருபது. மிச்சம் எண்பதும் உள்ளேயே செத்துப்போகிறது.

இந்த எண்பதுதான் என் வேலை. இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கண்ணாடிதானே, ஒளி புகும்தானே, ஏன் வரக்கூடாது? நான் எண்ணூர்க்காரன், அதனால் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். முகத்துவாரத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும் ஒரு நாளில், அடியில் ஒரு மீன் மேலே பார்க்கிறது என்று வையுங்கள். அதற்கு வெளியுலகம் முழுவதும், கரை, படகு, பாலம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எல்லாமே தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு வெறும் கண்ணாடி. அடித்தரைதான் பிரதிபலிக்கும். இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். அந்த மீன் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கு. செங்குத்திலிருந்து 49 டிகிரிக்குள் மேலே போகும் கதிர் வெளியே வரும். அதைவிடச் சாய்வாகப் போகும் கதிர் மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடும். பிளஸ் டூவில் படித்த முழு அக எதிரொளிப்பு, மாறுநிலைக் கோணம், அதேதான். மார்க்குக்காகப் படித்தோம், இங்கே சோறு போடுகிறது.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. கரிமப் படலத்துக்கு 1.7, 1.8 வரை. எண் கூடக் கூட அந்த வட்டம் சுருங்கும். 1.7 என்றால் மாறுநிலைக் கோணம் 36 டிகிரிதான். மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒளி வீசும். பின்னால் உலோகம் கண்ணாடி போல எல்லாவற்றையும் முன்னே தள்ளுகிறது என்று வைத்தாலும், வெளியே வருவது ஏறக்குறைய ஒன்றின் கீழ் இரண்டு பெருக்கல் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம். 1.7-ஐ வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்துப் பாருங்கள். 17 சதவீதம் வரும். நிஜச் சாதனத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், ஆனால் அந்தச் சுற்றுவட்டாரம்தான்.

மீதி ஒளி எங்கே போகிறது என்றால், ஒரு பங்கு அடிக்கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. கண்ணாடிக் கடையில் வெட்டிய கண்ணாடியின் ஓரம் பச்சையாக மினுங்குமே, அந்த ஓட்டம். இன்னொரு பங்கு கண்ணாடிக்கே போய்ச் சேராமல், கரிமப் படலத்துக்கும் மின்முனைக்கும் உள்ளேயே பக்கவாட்டில் ஓடி வெப்பமாகிவிடுகிறது. மூன்றாவது பங்குதான் ரொம்பப் பொல்லாதது. ஒளி பிறக்கும் இடம் உலோகத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஒளியாகக் கிளம்பும் முன்பே அந்த ஆற்றலை உலோகத்தின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் அலையாகப் பறித்துக்கொள்கின்றன. இதை பிளாஸ்மான் இழப்பு என்கிறோம். வாசலுக்கு வரும் முன்பே திருட்டு.

பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸோடு சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார். ஒளியை உள்ளேயே அடைத்து வைப்பதில் அவருக்குப் புகழ். இன்று இணையமே அந்தத் தத்துவத்தின்மேல் ஓடுகிறது. எங்கள் ஆட்களோ அதே தத்துவத்தோடு தினமும் மல்லுக்கு நிற்கிறோம். இயற்கைக்கு நல்லது கெட்டது தெரியாது இல்லீங்களா?

சரி, எப்படி வெளியே எடுப்பது?

பாரிமுனைப் பக்கம் போர்டு கடைகளில் ஒரு வகைப் பெயர்ப்பலகை செய்கிறார்கள். தெளிவான அக்ரிலிக் தகடு. அடி ஓரத்தில் ஒரு வரிசை எல்.ஈ.டி. பெயரை மட்டும் தகட்டில் கீறியிருப்பார்கள். விளக்கைப் போட்டால் தகடு இருட்டாகவே இருக்கும், எழுத்து மட்டும் ஜொலிக்கும். ஏன்? ஓரத்தில் நுழைந்த ஒளி தகட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஓடுகிறது. கீறல் இருக்கும் இடத்தில் அதன் கோணம் கெட்டு, வெளியே குதித்துவிடுகிறது. எங்கள் துறையின் பாதி ஆராய்ச்சி இந்தக் கீறல்தான். அழகான பெயர்கள் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் சொரசொரப்பாக்கலாம். சின்னச் சின்ன லென்ஸ்களை ஒட்டலாம். 2002-ல் மோலர், ஃபாரஸ்ட் இருவரும் சிலிக்கோன் ரப்பரில் மைக்ரோமீட்டர் அளவு லென்ஸ் வரிசையை வார்த்து ஒட்டினார்கள். ஒளி ஒன்றரை மடங்கு ஆனது. விலை உயர்ந்த வித்தை ஒன்றுமில்லை, அச்சில் வார்த்த ரப்பர். ஒளியைச் சிதறடிக்கும் டைட்டானியம் டையாக்சைடு துகள்களைப் படலத்துக்குள் கலக்கலாம். நீங்கள் வீட்டுக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட்டை வெள்ளையாக்குவதும் இதே தூள்தான். இவையெல்லாம் விளக்குக்குப் பிரமாதமாக வேலை செய்யும். 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கார்ல் லியோ குழுவினர் ஒளிவிலகல் எண் அதிகமான கண்ணாடியைப் பயன்படுத்தி, வெள்ளை ஓ.எல்.ஈ.டி. விளக்கை வாட்டுக்கு 90 லூமென், அதாவது டியூப்லைட் அளவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஆனால் திரை என்பது விளக்கு அல்ல. இங்கேதான் தம்பிகள் கவனிக்கணும். விளக்கில் ஒளி எங்கிருந்து வெளியே வந்தாலும் சரி. திரையில் ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளி வழியாக வந்தால் எழுத்து மங்கிப்போகும். கண்ணாடிக்குள் ஓடிப்போன ஒளியை அரை மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து வெளியே விட்டால், அது காப்பாற்றிய ஒளி இல்லை, கெடுத்த படம். ஆகவே லென்ஸ் புள்ளியைவிடப் பல மடங்கு சின்னதாக இருக்க வேண்டும், ஒளி பிறக்கும் இடத்துக்கு ஒட்டியே இருக்க வேண்டும். அப்படி ஒட்டி வைத்தால் மேடுபள்ளத்தின்மேல் நூறு நானோமீட்டர் படலங்களை ஓட்டை விழாமல் படிய வைக்க வேண்டும். ஒரு தூசி போதும், அந்தப் புள்ளி கருகிவிடும். ஆய்வகத்தில் நாலு மில்லிமீட்டர் சதுரத்தில் ஜெயித்த எத்தனையோ யோசனைகள் தொழிற்சாலை வாசலில் விழுந்தது இதனால்தான்.

விழாமல் நின்ற ஒன்றும் உண்டு. 2023-ல் எல்.ஜி. டிஸ்ப்ளே கொரியாவில் இதைத் தொலைக்காட்சியிலேயே கொண்டுவந்தது. 77 அங்குலத் திரையில் 4,240 கோடி நுண் லென்ஸ்கள். ஒரு புள்ளிக்கு 5,000-க்கும் மேல்! பிரகாசம் 60 சதவீதம் வரை கூடியது என்றும், ஆற்றல் திறன் ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் 2025-ல் அதே நிறுவனம் தன் உயர்ந்த ரகத் திரையில் லென்ஸை விட்டுவிட்டு, ஒளிப்படலங்களை நான்கு அடுக்காகக் கட்டும் முறைக்குப் போய்விட்டது. அறிவியலில் சரியாக இருப்பது ஒன்று, சந்தையில் நிற்பது இன்னொன்று. அடுக்கு முறையிலும் ஒளி உள்ளே மாட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. அந்த விதி எந்தக் கம்பெனிக்கும் விலக்கு தருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. மூலக்கூறைப் படுக்க வைப்பது! ஒளி வீசும் மூலக்கூறு ஒரு சின்ன ஆன்டெனா. அது நின்றுகொண்டிருந்தால் ஒளி பக்கவாட்டில் போகும், உலோகமும் அதைத் திருடும். படுத்திருந்தால் பெரும்பகுதி மேலும் கீழும் போகும். தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜாங்-ஜூ கிம் குழுவினர் இப்படிப் படுக்கும் மூலக்கூறுகளைத் தேர்ந்து, லென்ஸ் எதுவும் இல்லாமலே 30 சதவீதத்துக்கு மேல் ஒளியை வெளியே எடுத்தார்கள். கீறல் இல்லை, மேடுபள்ளம் இல்லை, படம் மங்காது. மூலக்கூறின் வடிவத்தை வரைவது வேதியியல், படுக்கிறதா என்று அளப்பது இயற்பியல். ஒரே கட்டடத்தில் மேல்மாடி கீழ்மாடியாக இருந்தும் அந்தக் காலத்தில் நாம் பேசிக்கொள்ளவே மாட்டோமே, நினைவிருக்கிறதா?

இத்தனை பாடுபட்டு வெளியே வந்த ஒளிக்கு வாசலில் இன்னொரு சுங்கச்சாவடி இருக்கிறது. வெயிலில் ஃபோனைப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் உலோகம் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அடிக்காமல் இருக்க, மேலே ஒரு போலராய்டு படலம் ஒட்டுகிறார்கள். அது வெயிலையும் விழுங்குகிறது, திரையின் ஒளியில் பாதிக்கு மேலும் விழுங்குகிறது. 2021-ல் சாம்சங் டிஸ்ப்ளே தன் மடக்கு ஃபோன் திரையில் இந்தப் படலத்தை எடுத்துவிட்டு, வண்ண வடிகட்டியை நேரடியாகத் திரைமேலேயே பதித்தது. மின்செலவு 25 சதவீதம் வரை குறையும் என்றார்கள். பெரிய கண்டுபிடிப்புகளைவிட, இருப்பதில் எது தேவையில்லை என்று பார்ப்பது சில நேரம் அதிகம் தருகிறது.

"இதெல்லாம் எதுக்குப்பா, திரைதான் நல்லாத்தானே தெரியுது?" என்று என் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. முதல் பதில் ஆயுள். ஒளி குறைவாக வந்தால் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து ஈடுகட்டுகிறோம். கரிமப் பொருள் மின்னோட்டத்தால் தேய்கிறது, அதுவும் நேர்விகிதத்தில் இல்லை, அதைவிட வேகமாக. ஒன்றரை மடங்கு ஒளியை வெளியே எடுத்து, அதே வெளிச்சத்துக்கு மின்னோட்டத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால், ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். செய்தி சேனல் ஒன்றையே நாள் முழுக்க ஓடவிடும் வீடுகளில் சேனலின் சின்னம் திரையில் நிழலாகத் தங்கிவிடும், பார்த்திருப்பீர்கள். அது தேய்மானம்தான்.

இரண்டாவது பதில் நம் ஊர்ப் பதில். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் வந்தது. 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகமே முதலில் நிலக்கரிக்காகக் கட்டியதுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டில் ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். 100 வாட் டி.வி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 180 யூனிட் சொச்சம். நிலக்கரி மின்சாரம் என்றால் 125 கிலோ நிலக்கரி, 40 கிலோ சாம்பல். சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வீட்டில், ஒரு டி.வி.க்கு. அந்தச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படிந்து ஆழம் குறைந்ததையும், இறால் பிடிக்கிறவர்கள் பட்ட பாட்டையும் இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமானால் அந்த ஒரு டி.வி.க்கு வருடம் 8 கிலோ சாம்பல் குறையும்.

இதையும் உடனே சொல்லிவிட வேண்டும். ஃபோனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஃபோன் குடிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம், அங்கே மிச்சமாவது பேட்டரி நேரம்தான். டி.வி.யிலும் கம்பெனிகள் மிச்சப்பட்ட ஒளியை மின்சாரம் குறைக்கப் பயன்படுத்துவதைவிடத் திரையை இன்னும் பளபளப்பாக்கவே பயன்படுத்துகின்றன. கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பளபளப்பு விற்கும், சாம்பல் குறைந்தது விற்காது. இது இயற்பியல் பிரச்சினை இல்லை. ஆனால் இயற்பியல்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவும் கூடாது என்பது என் கட்சி.

மாணவர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: "அண்ணா, இதுக்கு வெளிநாடுதான் போகணுமா?" நம் நாட்டில் பொருத்தப்படும் ஃபோன்களுக்கு ஓ.எல்.ஈ.டி. பேனல்கள் பெரும்பாலும் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் வருகின்றன. உண்மை. ஆனால் கான்பூர் ஐ.ஐ.டி.யில் திரை ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. 2024-ல் நம் கிண்டியிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய மின்னணுவியல் அமைச்சகத்தின் ஆதரவோடு ஆமோலெட் ஆராய்ச்சி மையம் தொடங்கியிருக்கிறார்கள். ரயிலேறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம். பேனல் தொழிற்சாலை கட்டப் பல ஆயிரம் கோடி வேண்டும். ஒளியை வெளியே எடுக்கும் படலத்தை யோசிக்க அவ்வளவு வேண்டாம். ரப்பர் அச்சு, பெயின்ட் தூள், பட்டகம், ஒளிமானி, பொறுமை. இதற்கு எம்.எஸ்ஸி. மாணவர் ஒருவரின் ஆறு மாத புராஜெக்ட் தாராளமாகப் போதும்.

இயற்பியல் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, கீழ்மாடி ஒளியியல் ஆய்வகத்தில் இரண்டாவது மேசையில் சில பொருள்கள் வைத்திருக்கிறேன். போர்டு கடையில் வாங்கிய அக்ரிலிக் தகடு, ஒரு சிவப்பு லேசர், ஒரு குப்பி கிளிசரின், உப்புத்தாள். ஓரத்தில் லேசரை அடித்துத் தகட்டின் மேல் ஒரு துளி கிளிசரின் வையுங்கள், பிறகு பக்கத்தில் உப்புத்தாளால் தேயுங்கள். எங்கே அதிகம் வெளிச்சம் வருகிறது, எந்தத் திசையில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லேசரை யாரும் நேராகக் கண்ணில் பார்க்கக் கூடாது. சாயங்காலம் நாலு மணிவரை நான் அங்கேதான் இருப்பேன். வேதியியல் துறையும் வரலாம்.